ஹெபடைடிஸ் சி: காமாலை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்

"கண் மஞ்சளாகவே இல்லையே, அப்புறம் எப்படிக் கல்லீரல் கெட்டிருக்கும்?" இப்படி நினைப்பதுதான் முதல் தவறு. கல்லீரலைத் தாக்கும் வைரஸ் கிருமியான ஹெபடைடிஸ் சி தொற்றியவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் இருக்காது. சுமார் 70 சதவீதம் பேருக்கு அது உடம்பிலேயே தங்கிவிடுகிறது. இருபது வருஷம் ஓசையில்லாமல் இருந்துவிட்டு, கல்லீரல் சுருங்கிய பிறகு தெரியவருவதும் உண்டு.

அடுத்தது ஊசி மோகம். சாதாரணக் காய்ச்சலுக்கும் "ஒரு ஊசி போட்டுவிடுங்க டாக்டர்" என்று நாமே கேட்டு வாங்குகிறோம். ஹெபடைடிஸ் சி ரத்தம் வழியாகப் பரவும் கிருமி. எகிப்தில் நத்தைகள் மூலம் பரவும் ஒட்டுண்ணி நோயை ஒழிக்க 1950களிலிருந்து 1980கள் வரை ஊர் ஊராக ஊசி போட்டார்கள். சரியாகக் கிருமி நீக்காத கண்ணாடி சிரிஞ்சு ஆள் மாற்றி ஆள் போனதில், ஒரு நோயை விரட்டப் போய் ஹெபடைடிஸ் சி நாடு முழுக்கப் பரவியது. மாத்திரை போதுமா என்று கேளுங்கள். ஊசிதான் வேண்டும் என்றால், உறையை உங்கள் கண்ணெதிரே பிரிக்கட்டும். ஊசிமுனையை மட்டும் மாற்றினால் போதாது, சிரிஞ்சும் புதிதாக இருக்க வேண்டும்.

சலூனில் காகிதத்தோடு பிளேடை இரண்டாக ஒடித்துக் கத்தியில் செருகுவார்களே, அதைப் பார்த்த பிறகு தலையைச் சாய்த்துக்கொள்ளுங்கள். திருவிழாக் கடையில் பச்சை குத்துவதானாலும் அதே கவனம் வேண்டும். வீட்டிலும் ரேசர், பல் பிரஷ், நகவெட்டி ஆளுக்கொன்று இருக்கட்டும்.

ஆனால் நோயாளிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஒதுக்கிவைப்பது வீண் கொடுமை. சேர்ந்து சாப்பிடுவதாலோ கட்டிப்பிடிப்பதாலோ இது தொற்றாது.

ரத்தப் பரிசோதனையில் ஆன்டிபாடி (கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் பொருள்) 'பாசிட்டிவ்' என்றதும் இடிந்துபோவதும் தவறு. கிருமி போய்விட்ட பிறகும் அந்த முடிவு அப்படியேதான் வரும். இப்போது கிருமி இருக்கிறதா என்பதை கிருமியின் மரபுப்பொருளையே தேடிப் பார்க்கும் ஆர்.என்.ஏ. பரிசோதனைதான் சொல்லும்.

இருந்தால் கீழாநெல்லியை அரைத்துக் குடித்து நாளைக் கடத்த வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் போதும், நூற்றில் 95 பேருக்கு மேல் குணமாகிறது. 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இந்தச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசம். குணமானவருக்கும் மறுபடி தொற்றலாம். போட்டுக்கொண்ட ஹெபடைடிஸ் பி தடுப்பூசி இதற்கு உதவாது. சி-க்குத் தடுப்பூசி இன்னும் வரவில்லை.