அமெரிக்காவில் பிரசவச் செலவு: கையில் காசில்லாதவர்கள் செய்ய வேண்டியவை

கர்ப்பம் உறுதியானதுமே மாநில மெடிகெய்டுக்கு (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) விண்ணப்பியுங்கள். கர்ப்பிணிகளுக்கு வருமான வரம்பு தளர்வானது. வயிற்றுப் பிள்ளையும் குடும்பக் கணக்கில் சேரும். கணவன், மனைவி, ஏற்கெனவே ஒரு குழந்தை என்றால் 4 பேர். இதை 3 என்று எழுதிவிட்டுத்தான் பலர் தேவையில்லாமல் நிராகரிக்கப்படுகிறார்கள். விண்ணப்பித்த மாதத்துக்கு முந்தைய பில்களுக்கும் பணம் கிடைக்க வாய்ப்புண்டு. பழைய பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். குடியேற்ற நிலை சரியில்லாதவர்களுக்கும், வருமானம் வரம்புக்குள் இருந்தால், அவசர மெடிகெய்ட் பிரசவச் செலவை ஏற்கும்.

பிரசவ வலியோடு அவசரப் பிரிவுக்கு வருபவரைக் காசில்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது; 1986ஆம் ஆண்டுச் சட்டம் அது. ஆனால் பில் வரும், அதுவும் ஒன்றல்ல. மருத்துவமனை, மயக்க மருந்து டாக்டர், குழந்தை டாக்டர் எனத் தனித்தனியாக வரலாம்.

பில் வந்ததும் கார்டை நீட்டிவிடாதீர்கள். கடன் கார்டில் ஏறிவிட்டால் பேரம் பேச வழியில்லை. முதலில் ஒவ்வொரு செலவையும் தனித்தனியாகக் காட்டும் பில் கேளுங்கள். போடாத எபிடியூரல் (பிரசவ வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் ஊசி), கூடுதலாக ஒரு நாள் அறை வாடகை இருக்கிறதா பாருங்கள். லாபநோக்கற்ற மருத்துவமனையானால் நிதியுதவிப் படிவம் கட்டாயம் இருக்கும். வீடு திரும்பியபின் வரும் முதல் பில்லிலிருந்து 240 நாள் அவகாசம். சம்பளச் சீட்டு, வரித்தாக்கல் நகலை இணையுங்கள். அந்த உதவி தனி டாக்டர் பில்லுக்கும் பொருந்துமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் இதுதான்.

வேலையிட இன்சூரன்ஸ் இருந்தால் குழந்தையை 30 நாளுக்குள் சேர்த்துவிடுங்கள்.