பிரிட்டனில் செமினார் எடுக்கப் போகும் மதுரைப் பிள்ளைகளுக்கு

ஆகஸ்ட் கடைசியில் ஆரம்பித்தால் அக்டோபர் வரைக்கும் மதுரையில் எனக்கு போன் ஓயாது. பிஎச்.டி. படிக்க பிரிட்டன் போன நம் ஊர்ப் பிள்ளைகள், போய் இறங்கி அறைக்குப் பாத்திரம்கூட வாங்கி முடிக்காத நிலையில், "டிபார்ட்மென்டில் செமினார் எடுக்கச் சொல்கிறார்கள், என்ன செய்ய?" என்று கேட்பார்கள். செமினார் என்றால் அங்கே சிறு குழு மாணவர்களை வைத்து எடுக்கும் கலந்துரையாடல் வகுப்பு. நானும் அங்கே படித்தபோது செமினார் எடுத்தவன், இப்போது இங்கே ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே சேர்த்து எழுதிவிடுகிறேன். அமெரிக்கன் காலேஜ், தியாகராசர், லேடி டோக், பாத்திமா, காமராசர் பல்கலைக்கழகம் என்று எங்கே படித்துவிட்டுப் போயிருந்தாலும் இது பொருந்தும், ஏனென்றால் நாம் எல்லோருமே ஆசிரியர் பேச, நாம் எழுதிக்கொள்ளும் வகுப்புகளில் உட்கார்ந்து வந்தவர்கள்.

வகுப்புக்குப் போவதற்கு முன்னால் பேப்பர் வேலை. எச்.ஆர். அலுவலகத்தில் உங்களுக்கு வேலை செய்யும் உரிமை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முன்பு கையில் ஒரு அட்டை இருந்தது, இப்போது எல்லாம் இ-விசா, உங்கள் விசா விவரத்தை அவர்கள் பார்க்க உதவும் ஷேர் கோடு என்ற குறியீட்டை ஆன்லைனில் எடுத்துக் கொடுத்தால் போதும். அது முடியாமல் ஒரு வகுப்புக்கூட எடுக்காதீர்கள், யார் அவசரப்படுத்தினாலும் சரி. வேலை பார்ப்பவர்களுக்கு அரசு தரும் நேஷனல் இன்ஷூரன்ஸ் எண் கைக்கு வராவிட்டாலும் வேலையைத் தொடங்கலாம், விண்ணப்பித்துவிட்டு, வந்ததும் சம்பளப் பிரிவுக்குச் சொன்னால் போதும்.

அடுத்தது 20 மணி நேரக் கணக்கு. இதில்தான் நம் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஸ்டூடன்ட் விசாவில் பட்டப்படிப்பும் அதற்கு மேலும் படிப்பவர்கள் பொதுவாகப் பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை. இந்த வாரம் 26, அடுத்த வாரம் 14, சராசரி 20தானே என்று சமாளிக்க முடியாது. செமினார் எடுக்கும் நேரம் மட்டும் அல்ல, சம்பளத்தோடு கொடுக்கப்படும் தயாரிப்பு நேரம், கட்டுரை திருத்தும் நேரம் எல்லாம் இதற்குள் வரும். சனி ஞாயிறு சூப்பர் மார்க்கெட்டில் நின்றால் அதுவும் இதே 20க்குள்தான். கட்டுரைகள் கட்டுக்கட்டாக வந்து விழும் டிசம்பர், மே மாதங்களில் கணக்கு தானாகவே மீறிப் போகும், அதனால் அந்த வாரங்களில் வெளி ஷிஃப்ட்டை முன்கூட்டியே குறைத்துவிடுங்கள். இன்னொன்று, பிஎச்.டி. மாணவர்களுக்கு மற்றவர்களைப் போல் நீண்ட கோடை விடுமுறை என்று ஒன்று கிடையாது. துறை எழுத்தில் விடுப்பு தந்தால் ஒழிய ஜூலை ஆகஸ்டிலும் இதே வரம்புதான்.

டியூஷன் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுத் திண்ணையில் டியூஷன் எடுத்துப் படிப்புச் செலவைப் பார்த்துக்கொண்ட பிள்ளைகள் நம் பக்கம் ஏராளம், அது கௌரவமான உழைப்பு. ஆனால் ஸ்டூடன்ட் விசாவில் சொந்தத் தொழில் செய்ய அனுமதி இல்லை. தெரிந்த குடும்பத்துப் பிள்ளைக்கு வாரம் ஒரு மணி நேரம் கணக்கு சொல்லிக்கொடுத்துக் கையில் காசு வாங்கினாலும் அது சொந்தத் தொழில் கணக்கில்தான் போய்ச் சேரும். பல்கலைக்கழகம் உங்களை ஊழியராக வைத்துச் சம்பளச் சீட்டு தருவது வேறு, இது வேறு. பணத்தேவை நெருக்கும்போது இது அநியாயமாகத் தோன்றும், தோன்றத்தான் செய்யும். ஆனாலும் விசாவைப் பணயம் வைக்காதீர்கள்.

சம்பளத்தைப் பற்றிக் கேட்க வெட்கப்பட வேண்டாம். மணிக்கணக்கில்தான் பெரும்பாலும் தருவார்கள். ஒரு மணி நேர செமினாருக்கு எவ்வளவு தயாரிப்பு நேரம் சேர்த்துத் தருகிறார்கள், ஒரு கட்டுரை திருத்த எத்தனை நிமிடம் கணக்கு, லெக்சரில் போய் உட்கார்ந்தால் அதற்குக் காசு உண்டா, மாணவர்கள் சந்திக்க வரும் ஆபீஸ் நேரத்துக்கு உண்டா, இவற்றை மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "புதுசா வந்த பிள்ளை, இப்படிக் கேட்கிறதே" என்று அங்கே யாரும் நினைக்க மாட்டார்கள். துறைக்குத் துறை இது மாறுகிறது. சில இடங்களில் தயாரிப்புக்கு ஆகும் நேரத்தில் பாதிக்குக்கூடக் காசு வராது, அந்த அளவுக்கு மேல் உங்கள் ஆராய்ச்சி நேரத்தைத் தின்ன விடாதீர்கள். யு.சி.யு. என்கிற ஆசிரியர் சங்கத்தில் பாடம் எடுக்கும் ஆராய்ச்சி மாணவர்களும் சேரலாம். 2018க்குப் பிறகு அந்தச் சங்கம் நடத்திய பல வேலைநிறுத்தங்களில் இந்த மணிக்கணக்குச் சம்பளமும் தற்காலிக வேலையும் ஒரு முக்கியக் கோரிக்கையாக இருந்தது, எனவே இது உங்கள் ஒருவருடைய பிரச்சினை என்று நினைத்துக்கொண்டு தனியாகப் புழுங்க வேண்டியதில்லை.

வருமான வரி பெரிய தலைவலி இல்லை. ஏப்ரல் 6இல் தொடங்கும் வரி ஆண்டில் 12,570 பவுண்ட் வரைக்கும் வரி கிடையாது, செமினார் சம்பளம் மட்டும் என்றால் அதைத் தொடாது. வேலையில் சேரும்போது தரும் ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட் படிவத்தைச் சரியாக நிரப்பாவிட்டால் முதல் மாதமே கூடுதலாகப் பிடித்துவிடுவார்கள், அது பிற்பாடு திரும்பி வரும், ஆனால் வாடகை கட்ட வேண்டிய மாதத்தில் கையைக் கடிக்கும்.

சரி, வகுப்புக்கு வருவோம்.

பேராசிரியர் பெரிய அரங்கில் லெக்சர் கொடுப்பார். அதே பாடத்துக்கு மாணவர்களைப் பதினைந்து, இருபது பேராகப் பிரித்து ஒரு மணி நேரம் விட்டால் அதுதான் உங்கள் செமினார். பாடத்திட்டம், வாசிக்க வேண்டிய கட்டுரைகள் எல்லாம் மாட்யூல் கன்வீனர், அதாவது அந்தப் பாடத்துக்குப் பொறுப்பான ஆசிரியர், முடிவு செய்வது, அதில் உங்களுக்குப் பெரிய பொறுப்பு இல்லை. நீங்கள் செய்ய வேண்டியது அந்தப் பதினைந்து பேரையும் பேச வைப்பது. நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்றால், பயத்தில் இரவெல்லாம் உட்கார்ந்து நாற்பது ஸ்லைடு தயார் செய்து, லெக்சரை மறுபடியும் அப்படியே நடத்திவிட்டு வருகிறார்கள். மாணவர்களும் பேசாமல் கேட்டுக்கொண்டு போய்விடுவார்கள், ஆனால் அந்த ஒரு மணி நேரம் அவர்களுக்கு வீண்.

பட்டிமன்ற நடுவரை நினைத்துக்கொள்ளுங்கள். சாலமன் பாப்பையா ஐயா அமெரிக்கன் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் என்பதை மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேடையில் அவர் செய்வதைக் கவனித்திருப்பீர்கள்: ஒருவர் பேசி முடித்ததும் அவர் சொன்னதன் சாரத்தை இரண்டு வரியில் எடுத்து வைத்துவிட்டு, அதிலேயே ஒரு முடிச்சைப் போட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். செமினாரில் உங்கள் வேலை கிட்டத்தட்ட அதுதான், கடைசியில் தீர்ப்பு மட்டும் சொல்ல வேண்டாம். "இவர் இப்படிச் சொல்கிறார், நீங்கள் வாசித்த பகுதியில் அதற்கு எதிராக ஏதாவது இருந்ததா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

காத்திருப்பதுதான் கஷ்டம். கேள்வி கேட்டதும் அறை அமைதியாகிவிடும், நமக்கு உடம்பெல்லாம் கூசும், உடனே பதிலையும் நாமே சொல்லிவிடுவோம். சொல்லாதீர்கள். மனதுக்குள் மெதுவாகப் பத்து எண்ணுங்கள், பெரும்பாலும் ஏழெட்டில் யாராவது வாயைத் திறப்பார்கள். அப்படியும் இல்லையென்றால் இரண்டு பேர் இரண்டு பேராக மூன்று நிமிடம் பேசச் சொல்லிவிட்டு, அப்புறம் கேளுங்கள். தனியாகப் பேசக் கூச்சப்படுபவர்கள் பக்கத்தில் இருப்பவரோடு பேசியதை எடுத்துச் சொல்லத் தயங்க மாட்டார்கள். முழுக் கட்டுரையையும் எல்லோரும் வாசித்துவிட்டு வருவார்கள் என்று நம்பிப் போனால் ஏமாற்றம்தான். அதிலிருந்து அரைப் பக்கம் பிரதி எடுத்துப் போங்கள். அங்கேயே வாசிக்க வைத்து, அதில் ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு பேசினால், வாசிக்காமல் வந்தவரும் கலந்துகொள்வார், வாசித்தவருக்கும் புதிதாக ஏதாவது கிடைக்கும்.

யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள், சார் மேடம் என்று கூப்பிட மாட்டார்கள். பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், காபியோடு வருவார்கள், காலை நீட்டி உட்காருவார்கள். அதில் அவமரியாதை எதுவும் இல்லை. நேரத்துக்கு வருவது, ஒருவர் பேசும்போது குறுக்கே விழாமல் இருப்பது, இவைதான் அங்கே மரியாதை. பெயர் விஷயத்தில் இன்னொரு சின்னச் சிக்கல்: இனிஷியலை விரித்துப் பாஸ்போர்ட்டில் எழுதியவர்களுக்கு அப்பா பெயரே குடும்பப் பெயராகி, வகுப்புப் பட்டியலில் உங்கள் பெயருக்குப் பதிலாக அது நிற்கும். முதல் நாளே உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று பலகையில் எழுதிவிடுங்கள். அவர்கள் பெயர்களையும் சரியாக உச்சரிக்கக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள், சீனம், போலந்து, நைஜீரியா என்று எல்லா ஊர்ப் பெயரும் இருக்கும்.

உச்சரிப்பைப் பற்றிப் பயப்படுபவர்கள் அதிகம். தமிழ் வழியில் பன்னிரண்டாவது வரை படித்து, உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் போன பிள்ளைகள் அங்கே அருமையாக வகுப்பு எடுத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர் போலப் பேச முயற்சி செய்யவே வேண்டாம். வேகத்தைக் குறையுங்கள், நாம் ஆங்கிலத்தை மூச்சு விடாமல் பேசுகிறோம், அதுதான் புரியாமல் போவதற்கு முதல் காரணம். முக்கியமான சொற்களையும் அறிஞர் பெயர்களையும் பலகையில் எழுதிவிட்டுப் பேசுங்கள். ஊர்ப் பெயர்களை மட்டும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், எழுத்தைப் பார்த்துச் சொன்னால் தப்பாகிவிடும். லெஸ்டர், வாரிக், எடின்பரா, லஃப்பரா என்றுதான் சொல்கிறார்கள்.

லண்டன் பக்கம் என்றால் உங்கள் வகுப்பில் ஈழத்தமிழ்ப் பிள்ளைகள் கட்டாயம் இருப்பார்கள். உங்கள் பெயரைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டு, வகுப்பு முடிந்ததும் "அண்ணா, அக்கா" என்று வந்து பேசுவார்கள், அதைக் கேட்கும்போது ஒரு ஆறுதலாக இருக்கும். வெளியில் நன்றாகப் பேசுங்கள். வகுப்புக்குள் மட்டும் மற்றவர்களைப் போலவே அவர்களையும் நடத்துங்கள், ஆங்கிலத்திலேயே பேசுங்கள், மதிப்பெண் விஷயத்தை அவர்களோடு தனியாகப் பேச வேண்டாம்.

மதிப்பெண்தான் நம் ஊர்க் கண்ணுக்கு மிகவும் விநோதமாகத் தெரியும். நூற்றுக்கு 40 வாங்கினால் தேர்ச்சி, 60க்கு மேல் நல்ல கட்டுரை, 70 தொட்டால் முதல் வகுப்பு. 80க்கு மேல் போவது அபூர்வம். இங்கே 68 வாங்கிய பிள்ளை வீட்டில் திட்டு வாங்கும், அங்கே 68 வாங்கியவர் சந்தோஷப்படுவார். அதனால் முதல் கட்டைத் திருத்தும் முன்னால், போன வருடத்துக் கட்டுரைகளில் 55, 65, 72 வாங்கியவற்றைக் கன்வீனரிடம் கேட்டு வாசித்துப் பாருங்கள், கை பழகிவிடும். நீங்கள் போடுவதே கடைசி மதிப்பெண்ணும் இல்லை. இன்னொருவர் சில கட்டுரைகளை எடுத்துப் பார்ப்பார், வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வரும் வெளித் தேர்வாளரும் பார்ப்பார். மதிப்பெண்ணைவிடக் கருத்துரைக்குத்தான் மாணவர்கள் காத்திருப்பார்கள். எது நன்றாக வந்திருக்கிறது, எது குறைகிறது, அடுத்த கட்டுரையில் என்ன செய்யலாம் என்று மூன்றையும் எழுதுங்கள். "குட்" என்று ஒரு வார்த்தையில் முடிக்காதீர்கள். காப்பியடித்தது போலவோ ஏ.ஐ. எழுதியது போலவோ தெரிந்தால் நீங்களே மாணவரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம், அதைப் பார்ப்பதற்குத் துறையில் ஒருவர் இருப்பார், அவரிடம் அனுப்பிவிடுங்கள்.

சில மாணவர்களுக்கு ஸ்லைடை முன்கூட்டியே அனுப்ப வேண்டும், சிலருக்குக் கூடுதல் நாள் கொடுக்க வேண்டும் என்று உங்களுக்குத் தகவல் வரும். அது 2010இன் சமத்துவச் சட்டத்தின்படி பல்கலைக்கழகம் செய்தாக வேண்டியது, உங்கள் தயவு அல்ல. என்ன நோய், ஏன் என்றெல்லாம் கேட்காமல் செய்துவிடுங்கள். யாராவது உங்களிடம் வந்து அழுதால் உட்காரவைத்துக் கேளுங்கள், ஆனால் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். உயிருக்கு ஆபத்து போன்ற விஷயமாக இருந்தால் நீங்கள் சொல்லியே ஆக வேண்டியிருக்கும். மாணவர் நலப் பிரிவின் எண்ணை முதல் வாரமே போனில் சேமித்து வையுங்கள்.

வருகைப் பதிவை ஒழுங்காகப் போடுங்கள். உங்களைப் போலவே விசாவில் வந்திருக்கும் மாணவர்களின் வருகையைப் பல்கலைக்கழகம் கண்காணித்தாக வேண்டும், உங்கள் அலட்சியத்தால் வந்திருந்த பிள்ளைக்கு வரவில்லை என்று விழுந்துவிடக்கூடாது.

டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், நாலு மணி செமினாருக்கு மாணவர்களும் சோர்ந்துதான் வருவார்கள், நீங்களும் சோர்ந்திருப்பீர்கள். மதிய வெளிச்சத்தில் கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள். வீட்டுக்கு போன் பண்ணும்போது நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், கோடையில் நாலரை மணி நேரமாக இருந்த வித்தியாசம் அக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து ஐந்தரை ஆகிவிடும், அம்மா தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பல்கலைக்கழகத்தில் புதிய ஆசிரியர்களுக்கு ஒரு சின்னப் பயிற்சி வகுப்பு நடத்துவார்கள், பல இடங்களில் அதை முடித்தால் அட்வான்ஸ் எச்.இ. (முன்பு ஹயர் எஜுகேஷன் அகாடமி) என்ற அமைப்பு தரும் அசோசியேட் ஃபெலோ என்ற கற்பித்தல் அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கலாம். நேரம் இருந்தால் செய்துவிடுங்கள். அதைவிட முக்கியமாக, ஒவ்வொரு கல்வியாண்டு முடியும்போதும் எந்தப் பாடம், எத்தனை மணி நேரம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று துறையின் தாளில் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இங்கே திரும்பி வந்து கல்லூரிகளில் விண்ணப்பிக்கும்போது அனுபவச் சான்று கேட்பார்கள், அதற்குள் உங்கள் கன்வீனர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறியிருப்பார்.