களவு வள்ளத்தை விலைக்கு வாங்காமலிருக்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் வடக்கே உள்ள வன்னிக்கு இரண்டு பக்கமும் கடல். கிழக்கே கொக்கிளாய், நாயாறு, முல்லைத்தீவு, மாத்தளன். மேற்கே வலைப்பாடு, நாச்சிக்குடா, விடத்தல்தீவு. கிழக்குக் கரையில் இரவு களவுபோகும் வள்ளத்தைக் கடலால் கொண்டுபோகத் தேவையில்லை. லொறியில் ஏற்றினால் பரந்தன் வீதியால் வந்து, பூநகரி சுற்றி, விடியமுன் மேற்குக் கரையில் இறக்கிவிடலாம். அங்கே அதை அடையாளம் தெரிந்தவர் யாருமில்லை. களவுப் பொருள் விலைப்படுவது அதனால்தான். ஆகவே பத்திரத்தைக் கேட்க முன் கேட்க வேண்டியது ஒன்று: இந்த வள்ளம் இதுவரை எந்தத் துறையில் கிடந்தது?

இதைக் கேட்காமல் விலை பேசத் தொடங்குவதுதான் பெரிய தவறு. துறையின் பெயரும் அங்குள்ள கடற்றொழிலாளர் சங்கத்தின் பெயரும் தெரிந்ததும், அந்தச் சங்கத் தலைவரின் தொலைபேசி இலக்கத்தை உங்கள் சங்கத்திடமோ, சங்கங்களின் கூட்டமைப்பான சமாசத்திடமோ வாங்குங்கள். விற்பவர் தரும் இலக்கத்தை நம்ப வேண்டாம். அந்த இலக்கத்தில் பேசுகிறவர் அவருடைய கூட்டாளியாக இருக்கலாம். அணியம் (வள்ளத்தின் முன்முனை), பக்கவாட்டு, எஞ்சின் பூட்டும் பின்பலகை மூன்றையும் படமெடுத்து அந்தத் தலைவருக்கு அனுப்புங்கள். ஒரே கரையில் தொழில் செய்கிறவர்கள் பதிவு இலக்கத்தைப் பார்ப்பதில்லை. ஒட்டுப் போட்ட இடத்தைப் பார்த்தே இன்னாருடைய வள்ளம் என்பார்கள்.

வள்ளத்தில் எழுதியிருக்கும் பதிவு இலக்கத்தை மட்டும் நம்புவது அடுத்த தவறு. அது வெறும் பெயின்ற். யாரும் எழுதலாம். இலக்கத்தில் வள்ளத்தின் வகையைக் குறிக்கும் எழுத்துகள், தொடர் எண், மாவட்டக் குறியீடு மூன்றும் இருக்கும். குறியீடு எந்த மாவட்டத்துடையதோ அந்த மாவட்டத்துக் கடற்றொழில் நீரியல் வளத் திணைக்கள அலுவலகத்தில் உரிமையாளர் பெயரை விசாரியுங்கள். பதிவில் உள்ள நீளத்தையும் கேட்டு வாங்கி, நாடா பிடித்து அளந்து பாருங்கள். 18 அடி என்று பதிந்த இலக்கம் 23 அடி வள்ளத்தில் இருந்தால் அதற்குமேல் பேச ஒன்றுமில்லை. பதிவுப் பத்திரத்தின் போட்டோக் கொப்பி போதாது, மூலப் பத்திரம் வேண்டும்.

"பத்திரமெல்லாம் இடம்பெயர்வில துலைஞ்சுபோச்சு" என்பார்கள். 2009 இல் போர் முடிந்தபோது கரையோடு விட்டுவந்த வள்ளங்களும் பத்திரங்களும் எத்தனை என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும், அதனாலேயே அந்தப் பேச்சுக்கு மனம் இளகிவிடுகிறது. ஆனால் மீள்குடியேறிய பிறகு இத்தனை வருடம் தொழில் செய்த வள்ளத்துக்கு அதற்குப் பிந்திய பதிவும், வருடாவருடம் புதுப்பித்த தொழில் அனுமதிப்பத்திரமும் இருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லையென்றால் அதற்குப் போரைக் காரணம் சொல்ல முடியாது.

பிறகு உடல். காலையிலோ பின்னேரத்திலோ, வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள். இருட்டினால் டோர்ச்சைப் பக்கவாட்டோடு ஒட்டிப் பிடித்து அடியுங்கள். பழைய எழுத்தின் அடியில் வெயில் படாததால் அந்த இடம் மட்டும் நிறம் மங்காமல் இருக்கும். எழுத்தைச் சுரண்டினாலும் அந்த நிழல் நிற்கும். ஈரத்துணியால் துடைத்தால் இன்னும் தெளியும். உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். அரத்தாள் போட்ட இடம் மற்ற இடத்தைவிட வழுவழுப்பாகவோ சற்றுப் பள்ளமாகவோ இருக்கும். வள்ளம் முழுக்கப் பழசாக இருக்க, இலக்கம் எழுதும் இடத்திலும் அணியத்தில் பெயர் எழுதும் இடத்திலும் மட்டும் புதுப் பெயின்ற் மணந்தால், ஏன் என்று கேளுங்கள்.

எஞ்சினைத் தனிப் பொருளாகவே பாருங்கள். வள்ளத்தைவிட எஞ்சின்தான் இலகுவில் களவுபோவது. 15 குதிரை வலு எஞ்சினை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு நடந்துவிடலாம். யமஹா எஞ்சினில் தொடர் இலக்கம் உள்ள தகடு, பின்பலகையில் கவ்வும் பிடியின் இடப்பக்கம், அதாவது அணியத்தைப் பார்த்து நின்றால் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். தகடு இல்லாமல் பசைத்தடம் மட்டும் இருந்தாலோ, பிடிக்கு மட்டும் புதுப் பெயின்ற் அடித்திருந்தாலோ விட்டுவிடுங்கள். மேல்மூடியில் எழுதிய குதிரை வலுவுக்கு மதிப்பில்லை, மூடியை மாற்ற ஐந்து நிமிடம் போதும். எஞ்சின் வாங்கிய கடைப் பற்றுச்சீட்டில் உள்ள இலக்கமும் தகட்டு இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். பின்பலகையில் பிடியின் திருகாணிகள் பதித்த இரண்டு தழும்பு இருக்கும். இந்த எஞ்சின் அந்தத் தழும்பில் உட்காராவிட்டால் இரண்டும் அண்மையில்தான் சேர்ந்திருக்கின்றன. களவென்று முடிவுகட்ட அது போதாது, விசாரிக்கப் போதும். லீசிங்கில் எடுத்த எஞ்சினா என்பதையும் கேளுங்கள். தவணை கட்டி முடிக்காத எஞ்சின் விற்பவருடையதல்ல.

கரையொதுங்கிய வள்ளம் எடுத்தவருக்குச் சொந்தம் என்று நினைத்து வாங்குபவர்களும் உண்டு. அது எங்கோ ஒருவருடைய வள்ளம். பொலிசுக்கும் திணைக்களத்துக்கும் அறிவிக்க வேண்டியது. ஏலத்தில் எடுத்தது என்றால் ஏலப் பற்றுச்சீட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

"காசு கொடுத்துத்தானே வாங்கினேன்" என்பது சட்டத்தில் எடுபடாது. 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, விற்றவருக்கு இல்லாத உரிமை பொதுவாக வாங்கியவருக்கு வராது. உரிமையாளர் கேட்டால் வள்ளமும் போகும், காசும் போகும். அதோடு, களவுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் நேர்மையற்று வாங்குவது தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம். அரைவிலைக்குக் கிடைத்ததே அப்படி ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளப்படலாம்.

கரையில் வைத்துக் காசு எண்ணிக் கொடுக்காதீர்கள். "இண்டைக்கே முற்பணம் வேணும், வேற ஆள் நிக்கிறார்" என்று அவசரப்படுத்தினால் அந்த வேற ஆளுக்கே விட்டுக்கொடுங்கள். விற்பவரின் அடையாள அட்டையை அவர் முகத்தோடு ஒப்பிட்டுப் படமெடுங்கள். உடன்படிக்கையில் பதிவு இலக்கம், நீளம், எஞ்சின் தொடர் இலக்கம், விலை, இரண்டு சாட்சிகளின் கையொப்பம் இருக்கட்டும். சாட்சிகளில் ஒருவர் வள்ளம் கிடந்த துறையின் சங்கத்தைச் சேர்ந்தவராக இருப்பது நல்லது. பெரும்பங்குப் பணத்தைத் திணைக்களத்தில் பெயர் மாறிய அன்றே வங்கி மூலம் கொடுங்கள்.

ஏற்கனவே வாங்கிவிட்டு இப்போது சந்தேகம் வந்திருந்தால், வள்ளத்துக்குப் பெயின்ற் அடிக்காதீர்கள், எஞ்சினைக் கழற்றி விற்காதீர்கள், வேறொருவர் தலையில் கட்டாதீர்கள். அடையாளத்தை அழித்தால் ஏமாந்தவர் என்று உங்களை யாரும் நம்பமாட்டார்கள். உடன்படிக்கை, வங்கிச் சீட்டு, தொலைபேசியில் வந்த செய்திகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, சங்கத் தலைவரையும் கூட்டிக்கொண்டு, பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டைப் பதிந்து அதன் பிரதியை வாங்கிவாருங்கள்.