ஃபேன் ஓடும் அறைக்கு எந்த மைக்? கேம் ஸ்ட்ரீமிங் தொடங்குபவர்களுக்கு

யூடியூபில் மைக் ரிவியூ போடுபவர்கள் பெரும்பாலும் ஏசி அறையில், யன்னலை மூடி, சுவரில் பஞ்சு ஒட்டிவிட்டுக் கதைக்கிறார்கள். மட்டக்களப்பு வெயிலுக்கு ஃபேனை நிறுத்திவிட்டு யார் விளையாடுவது? ஆகவே மைக்கைத் தேட முன்னர் உங்கள் அறையைக் கவனியுங்கள்.

படி 1: அறையைக் கேளுங்கள்

வழக்கமாக விளையாடும் நேரத்தில், ஃபேனும் ஓட, யன்னலும் திறந்திருக்க, வாய் திறக்காமல் போனில் ஒரு நிமிடம் ரெக்கோர்ட் பண்ணுங்கள். அதை இயர்போனில் கேட்டால் ஃபேன் இரைச்சல், பக்கத்து வீட்டு ரிவி, சூன் பாண் ஓட்டோவின் பாட்டு, மருதமுனைப் பக்கம் என்றால் தறிச் சத்தம் என்று எல்லாம் வரும். ஃபேன் போல ஒரே சீராக வரும் இரைச்சலை மென்பொருளே நன்றாகக் குறைத்துவிடும். விட்டுவிட்டு வரும் சத்தங்களுக்குத்தான் மைக்கின் வகையும் அதை வைக்கும் இடமும் முக்கியம். மாரி மழை தகரக் கூரையில் கொட்டும்போது எந்த மைக்கும் உதவாது. அன்று ஸ்ட்ரீமை விட்டுவிட்டு விளையாடுங்கள்.

படி 2: கதைக்க மட்டுமா, ஸ்ட்ரீமும் உண்டா?

நண்பர்களோடு கதைக்க மட்டும்தான் என்றால் தனி மைக் வேண்டாம், வயர் ஹெட்செட் போதும். விளையாடும்போது கதைக்கப் பயன்படும் டிஸ்கோர்ட் செயலி குரலைச் சாதாரணமாக 64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 கிலோபிட்) அளவுக்குச் சுருக்கித்தான் அனுப்புகிறது. விலைகூடிய மைக்கின் அருமை அதில் பெரிதாகத் தெரியாது. புளூடூத் ஹெட்செட்டைத் தவிருங்கள். மைக் வேலைசெய்யத் தொடங்கியதும் பெரும்பாலானவற்றில் காதில் கேட்கும் ஒலியின் தரம் இறங்கிவிடும், சத்தமும் கொஞ்சம் பிந்தி வரும்.

போன் ஹெட்செட்டைக் கணினியில் போடுபவர்கள் பிளக்கைப் பாருங்கள். மூன்று வளையம் இருந்தால் மைக்கும் ஒலியும் ஒரே பிளக்கில் வருகின்றன. கணினியில் இரண்டுக்கும் வேறு வேறு துளை இருந்தால் பிரித்துக் கொடுக்கும் ஸ்பிளிட்டர் தேவை.

படி 3: கண்டென்சரா, டைனமிக்கா?

கண்டென்சர் மைக் சின்னச் சத்தத்தையும் பிடிக்கும். அமைதியான அறையில் அது வரம், யன்னல் திறந்த அறையில் தொல்லை. டைனமிக் மைக்கின் உணர்திறன் குறைவு, வாயை அதன் அருகே கொண்டுபோய்த்தான் கதைக்க வேண்டும். அப்படிக் கிட்டக் கதைப்பதால்தான் குரல் முன்னுக்கு நிற்க, அறைச் சத்தம் பின்னுக்குப் போகிறது. எங்கள் ஊர்ப் பக்க வீடுகளுக்கு என் தெரிவு டைனமிக்தான்.

சாம்சன் கியூ2யூ, ஃபிஃபைன் ஏஎம்8 போன்றவை டைனமிக். யூஎஸ்பியிலும், ஸ்டூடியோ மைக்குகளில் வரும் மூன்று முள் பிளக்கான எக்ஸ்எல்ஆரிலும் வேலை செய்யும். இப்போது யூஎஸ்பியில் நேரடியாகக் கணினியில் குத்தலாம், மறுகா ஓடியோ இன்டர்ஃபேஸ் (எக்ஸ்எல்ஆர் மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வாங்கினால் அதே மைக்கை எக்ஸ்எல்ஆரில் போடலாம். பெரிய ஸ்ட்ரீமர்களின் மேசையில் இருக்கும் ஷூர் எஸ்எம்7பி மீது ஆசை வரும். அதற்கு ஏறத்தாழ 60 டெசிபெல் கெயின் (மைக்கின் ஒலியைக் கூட்டும் அளவு) கொடுக்கக்கூடிய இன்டர்ஃபேஸும் வேண்டும், தொடங்குபவருக்கு வீண் செலவு.

கொலரில் குத்தும் போயா பிவை-எம்1 விலை குறைவு, உண்மைதான். ஆனால் அது எல்லாத் திசையிலிருந்தும் ஒலி எடுக்கும். குசினியில் கோப்பை விழுந்தாலும் பார்வையாளருக்குக் கேட்கும். பெட்டியில் கார்டியோயிட் என்று இருக்கிறதா பாருங்கள், அது முன்பக்க ஒலியை நன்றாக எடுத்து, பின்பக்கத்தைப் பெருமளவு விட்டுவிடும்.

கல்முனையிலோ டவுனிலோ கடையில் வாங்கினால் அங்கேயே லப்டொப்பில் குத்திக் கதைத்து, ரெக்கோர்டைக் கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள். வொரண்டியையும் எழுத்தில் வாங்குங்கள்.

படி 4: வைக்கும் இடம்

வாயிலிருந்து நாலு விரல் தூரம், சற்றுப் பக்கவாட்டில். தூரம் இரண்டு மடங்கானால் உங்கள் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் இறங்கும், ஃபேன் சத்தமோ அப்படியே இருக்கும். ஸ்டாண்ட் ஃபேன் மைக்கின் முதுகுப் பக்கம் இருக்கட்டும், காற்று நேரே மைக்கில் படக் கூடாது. மேசையில் நிற்கும் மைக் கீபோர்ட் தட்டலையும் வாங்கும். கைபோல் நீளும் ஸ்டாண்ட் இல்லாவிட்டால் அடியில் துவாயை மடித்து வையுங்கள்.

படி 5: ஓபிஎஸ் (ஸ்ட்ரீம் செய்யும் மென்பொருள்)

கேமில் நீங்கள் கத்துவது போலவே கத்திப் பார்த்து, மிக்ஸரில் அளவு மஞ்சளில் நிற்கும்படி வையுங்கள், சிவப்பைத் தொடக் கூடாது. மைக்கின் ஃபில்டர்ஸில் நொய்ஸ் சப்ரெஷன் (இரைச்சல் குறைப்பு) போட்டு, அதில் ஆர்என்நொய்ஸ் என்ற முறையைத் தெரிவு செய்யுங்கள், கடைசியில் சத்தம் எல்லை தாண்டாமல் பிடிக்கும் லிமிட்டர். வேறொன்றும் இப்போதைக்கு வேண்டாம். இந்த ஃபில்டர்கள் ஸ்ட்ரீமுக்கு மட்டும்தான். டிஸ்கோர்ட் மைக்கை நேராக எடுப்பதால், அங்கே இரைச்சலைக் குறைக்கும் கிரிஸ்பைத் தனியாக ஒன் பண்ணுங்கள்.

நேரலைக்குப் போக முன்னர் ஐந்து நிமிடம் விளையாடி ரெக்கோர்ட் செய்து, ஹெட்செட்டிலும் போன் ஸ்பீக்கரிலும் கேளுங்கள். போனில் பார்ப்பவர்களுக்கு வெடிச் சத்தத்துக்குள் உங்கள் குரல் அமுங்கினால் கேமின் சத்தத்தைக் குறையுங்கள், மைக்கைக் கூட்டாதீர்கள்.