இங்கிலாந்தில் பள்ளி ஆளுநராகத் தொண்டாற்ற விரும்புவோருக்கு

இங்கிலாந்தில் வாழும் தமிழ்ப் பெற்றோர் பிள்ளைகளின் படிப்பில் காட்டும் அக்கறையை யாரும் குறை சொல்ல முடியாது. பெற்றோர் சந்திப்பு மாலைகளில் வேலையை விட்டு ஓடிவந்து ஆசிரியர் முன் அமர்கிறோம்; தேர்வு அறிக்கையை வரி வரியாகப் படிக்கிறோம். ஆனால் அந்தப் பள்ளியின் பணம் எங்கே செலவாகிறது, அடுத்த தலைமை ஆசிரியர் யார், பின்தங்கும் பிள்ளைகளுக்கு என்ன செய்யப்படுகிறது என்பவற்றை முடிவு செய்யும் மேசையில் நம்மவர்களை நான் அரிதாகவே பார்க்கிறேன். அந்த மேசையில் அமர்பவர்களே பள்ளி ஆளுநர்கள். எட்டு ஆண்டுகளாக ஒரு தொடக்கப் பள்ளியில் அப்பணியைச் செய்துவருகிறேன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

ஆளுநர் என்ற சொல் நமக்கு ராஜ்பவனை நினைவூட்டுவதால் பலர் இதை ஒரு பதவி என்று எண்ணித் தயங்குகிறார்கள். இது ஊதியமில்லாத் தொண்டு. ஆளுநர் குழுவின் பொறுப்புகள் மூன்று: பள்ளி எத்திசையில் செல்ல வேண்டும் என்பதில் தெளிவு தருவது, பிள்ளைகளின் கல்விக்குத் தலைமை ஆசிரியரைப் பதில் சொல்ல வைப்பது, பணம் முறையாகச் செலவாகிறதா என்று பார்ப்பது. பள்ளியை அன்றாடம் நடத்துவது தலைமை ஆசிரியரின் வேலை. அதில் ஆளுநர் கை வைக்கக் கூடாது. அதிகாரம் குழுவுக்கு உண்டே தவிர, குழு ஒப்படைத்தாலன்றித் தனி ஆளுநருக்குக் கிடையாது. இந்த ஒரு வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால் மற்றவற்றைப் பழக்கத்தில் கற்றுக்கொள்ளலாம்.

உள்ளாட்சி மன்றமான கவுன்சில் நிர்வகிக்கும் பள்ளியாக இருந்தால், குழுவில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும். அவர்களுள் பெற்றோர் ஆளுநர்கள் குறைந்தது இருவர். தலைமை ஆசிரியர், ஊழியர் தரப்பில் ஒருவர், கவுன்சில் முன்மொழியும் ஒருவர் ஆகியோருடன், குழுவே தேவை பார்த்து நியமித்துக்கொள்பவர்களும் இருப்பார்கள். பதவிக்காலம் பொதுவாக 4 ஆண்டுகள். கவுன்சிலைச் சாராமல் அரசு நிதியில் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை நடத்தும் அகாடமிப் பள்ளிகளில் இறுதிப் பொறுப்பு டிரஸ்ட்டின் அறங்காவலர்களிடம் இருக்கும். ஒவ்வொரு பள்ளிக்கும் உள்ளூர்க் குழு இருந்தால், அதற்கு எவ்வளவு அதிகாரம் என்பதை டிரஸ்ட் எழுதிவைத்திருக்கும். அதைப் படித்துப் பார்த்த பிறகே சம்மதம் சொல்லுங்கள். சில உள்ளூர்க் குழுக்களுக்கு வரவு செலவில் பேச்சே இல்லை என்பதைச் சேர்ந்த பின் அறிந்து மனம் வருந்தியவர்களை நான் அறிவேன். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றின் விதிகள் வேறு என்பதால் அவற்றுக்குள் நான் செல்லவில்லை.

உள்ளே நுழையும் வழிகளில் நம்மவர்களுக்குத் தெரிந்தது பெற்றோர் ஆளுநர் தேர்தல் மட்டுமே. இடம் காலியானால் பள்ளியிலிருந்து கடிதமோ மின்னஞ்சலோ வரும். போட்டி இருந்தால் பெற்றோர் வாக்களிப்பார்கள். ஆனால் பள்ளியில் பிள்ளை படிக்காதவரும் ஆளுநர் ஆகலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 18 வயது நிறைந்திருக்க வேண்டும். திவால் தொடர்பான சட்டக் கட்டுப்பாடுகள், குறிப்பிட்ட சிறைத் தண்டனைகள் போன்ற தடைகள் இருக்கக் கூடாது. பிரிட்டன் குடியுரிமை பெற்றிருக்க வேண்டும் என்ற விதி இல்லை. அருகிலுள்ள பள்ளியின் அலுவலகத்தில் நேரில் கேட்கலாம்; கவுன்சிலின் ஆளுநர் சேவைப் பிரிவுக்கு எழுதலாம்; ‘கவர்னர்ஸ் ஃபார் ஸ்கூல்ஸ்’ என்ற தொண்டு நிறுவனத்தில் பதிவு செய்தால், உங்கள் திறமை தேவைப்படும் பள்ளியோடு அவர்கள் இணைத்துவைப்பார்கள்.

விண்ணப்பத்தில் தங்களைப் பற்றி எழுதச் சொன்னால் நம்மவர்கள் இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் கணக்கைப் பல ஆண்டுகள் பார்த்தவர், கோயில் கட்டடத்துக்கு மூன்று ஒப்பந்தக்காரரிடம் விலை கேட்டு ஒப்பிட்டவர், மருத்துவமனையில் ஊழியர் அட்டவணை போடுபவர் ஆகியோரிடம் இருப்பது ஆளுநர் குழு தேடிக்கொண்டிருக்கும் திறமையேதான். அதை அப்படியே, என்ன செய்தோம், எவ்வளவு பணம், எத்தனை பேர் என்று எழுதுங்கள். சம்மதம் சொல்வதற்கு முன் தலைமை ஆசிரியரையும் குழுத் தலைவரையும் சந்தித்து, பள்ளிகளை ஆய்வு செய்யும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட் கடைசியாகத் தந்த அறிக்கையையும் சென்ற ஓராண்டின் கூட்டக் குறிப்புகளையும் படித்துவிடுங்கள். கவுன்சில் பள்ளியின் கூட்டக் குறிப்புகளை, இரகசியப் பகுதிகள் நீங்கலாக, யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். அந்தக் குறிப்புகளில் கேள்விகளே இல்லாமல் ‘அறிக்கை ஏற்கப்பட்டது’ என்று மட்டும் பக்கத்துக்குப் பக்கம் வந்தால், அந்தக் குழு தூங்குகிறது என்று பொருள்.

நியமனம் ஆனதும் விரிவான டிபிஎஸ் சோதனை, அதாவது குற்றப் பின்னணிச் சோதனை, நடக்கும். கவுன்சில் பள்ளிகளில் நியமனத்திலிருந்து 21 நாள்களுக்குள் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். சிறார் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம். பள்ளியோடு உங்களுக்கோ குடும்பத்தினருக்கோ வணிகத் தொடர்பு இருந்தால் அதை நலன்கள் பதிவேட்டில் எழுதித் தர வேண்டும்.

கவுன்சில் பள்ளிகளின் முழுக் குழு ஒரு கல்வியாண்டில் குறைந்தது மூன்று முறை கூடியாக வேண்டும். நிகழ்ச்சி நிரலும் தாள்களும் பொதுவாக ஏழு நாள் முன்னதாக வந்துவிடும். கூட்டத்தைவிட அந்த ஏழு நாள்களே முக்கியம் என்பேன். தாள்களைக் கூட்டத்துக்கு வரும் வழியில் பேருந்தில் புரட்டுபவர் நல்ல கேள்வி கேட்பது கடினம். பென்சிலோடு உட்காருங்கள். ஒவ்வொரு தாளிலும், சென்ற முறை சொன்னதற்கும் இந்த முறை சொல்வதற்கும் என்ன வேறுபாடு, மொத்த எண்ணுக்குள் எந்தப் பிரிவு மறைந்திருக்கிறது, இதைச் செய்ததால் பிள்ளைகளுக்கு என்ன மாறியது என்ற மூன்றையும் தேடுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஒரு குளிர்கால மாலை, பள்ளி நூலகத்தின் சிறிய நாற்காலிகளில் முழங்கால் இடிக்க அமர்ந்திருந்தோம். வருகைப் பதிவு அட்டவணையில் பள்ளி முழுவதற்குமான எண் நன்றாகவே இருந்ததால் எல்லோரும் அடுத்த பக்கத்துக்குத் திரும்பினார்கள். கீழிருந்து மூன்றாம் வரியில், பியூபில் பிரீமியம் என்ற கூடுதல் அரசு நிதிக்கு உரிய, அதாவது பெரும்பாலும் வருமானம் குறைந்த குடும்பப் பிள்ளைகளின் எண் மட்டும் சென்ற பருவத்தைவிட இறங்கியிருந்தது. “இந்த வரியில் உள்ளவர்கள் எந்த நாளில் அதிகம் வருவதில்லை?” என்று கேட்டேன். தலைமை ஆசிரியருக்கு உடனே விடை தெரியவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றார். அடுத்த கூட்டத்தில் விடை வந்தது: திங்கட்கிழமை காலைகள், அதிலும் சில குடும்பங்கள். அதன் பிறகே, பள்ளி தொடங்கும் முன் நடக்கும் காலை உணவுக் கழகத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு இலவச இடம் ஒதுக்கும் பேச்சு எழுந்தது. கூட்டக் குறிப்பில் என் பெயர் இல்லை. ‘ஓர் ஆளுநர் கேட்டார்’ என்று மட்டுமே இருக்கும். அது போதும். ஆஃப்ஸ்டெட் ஆய்வாளர்கள் வந்தால் ஆளுநர்களையும் சந்திப்பார்கள். குழு உண்மையாகவே கேள்வி கேட்டதா என்பதற்கு அந்த வரியே சான்று.

வரவு செலவுத் தாளைக் கண்டு அஞ்ச வேண்டாம். பள்ளிக்கு வரும் பணத்தின் பெரும்பகுதி பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. அக்டோபர் மாதக் கணக்கெடுப்பில் எத்தனை பெயர் பதிவில் இருக்கிறதோ அதுவே அடுத்த நிதியாண்டின் அடிப்படை. சின்னஞ்சிறு பிள்ளைகளின் தொடக்க வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்பது சட்டம். ஆகவே 60 இடமுள்ள ஒரு வயதுப் பிரிவில் 44 பேர் மட்டும் சேர்ந்தால், பணம் 44 பேருக்கே வரும், ஆனால் வகுப்பும் ஆசிரியரும் இரண்டு வேண்டும். பிறப்பு விகிதம் குறைந்ததால் லண்டனின் பல தொடக்கப் பள்ளிகள் இந்த நெருக்கடியில்தான் சிக்கியிருக்கின்றன, சில மூடப்பட்டுவிட்டன. செலவின் பெரும்பங்கு ஊழியர் சம்பளம் என்பதால், பிள்ளைகளின் இடங்கள் காலியாக இருந்தால் கடைசியில் குறைவது ஒரு துணை ஆசிரியரின் வேலையாகவே இருக்கும். எனவே முதலில் கேட்க வேண்டியது, அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று கணித்திருக்கிறீர்கள், எதை வைத்துக் கணித்தீர்கள் என்பதே.

பள்ளிக்குச் சென்று பார்வையிடுவதில் நான் செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம். முதல் ஆண்டில் ஒரு வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து, கணிதப் பாடம் நடந்த விதத்தைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு எழுதி அனுப்பிவிட்டேன். அந்த இளம் ஆசிரியை அதைப் படித்து மிகவும் மனம் நொந்துபோனார். கற்பிப்பதை மதிப்பிடுவது என் வேலையன்று; பள்ளி தன் திட்டத்தில் எழுதியிருப்பது வகுப்பறையில் நடக்கிறதா என்று காண்பதே என் வேலை. அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். இப்போதெல்லாம் எதைப் பார்க்க வருகிறேன் என்பதை முன்கூட்டியே எழுதி ஒப்புக்கொண்ட பிறகே செல்கிறேன்.

நீங்கள் ஆளுநர் என்று தெரிந்ததும், பள்ளி வாசலில் நம் ஊர்க்காரர் ஒருவர் நிச்சயம் உங்களைப் பிடிப்பார். “அண்ணா, என் மகளை வகுப்பில் அந்த மாணவர் குழுவில் போடாமல் விட்டுவிட்டார்கள், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்” என்பார். உறவும் நட்பும் உள்ளவரிடம் முடியாது என்று சொல்வது நமக்குக் கடினம். இருந்தாலும், முறையீட்டு வழி இது, முதலில் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள் என்று அன்போடு சொல்லிவிட்டு, விவரத்தைக் கேட்காமலே நகர்ந்துவிடுங்கள். பின்னால் அந்த முறையீடு குழுவிடம் வந்தால், முன்பே கதை கேட்டவர் அதை விசாரிக்க அமர முடியாது.

அப்படி அமர வேண்டிய நாள்களும் வரும். ஒரு மாணவர் நிரந்தரமாக நீக்கப்பட்டால், அம்முடிவை ஆளுநர்கள் 15 பள்ளி நாள்களுக்குள் மறுபரிசீலனை செய்ய வேண்டும். மேசையின் எதிரே ஒரு தாய் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு அமர்ந்திருப்பார். அந்த அறையில் ஆங்கிலம் தடுமாறும் பெற்றோர் எவ்வளவு தனித்துப்போகிறார் என்பதை நாம் மற்றவர்களைவிட நன்றாக அறிவோம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டீர்களா என்ற கேள்வியை நீங்கள் எழுப்புங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, படிப்பதையும் சேர்த்து மாதத்துக்கு ஆறேழு மணி நேரம் எனக்குச் செலவாகிறது. தலைமை ஆசிரியரைத் தேர்வு செய்யும் பருவத்தில் இது இரட்டிப்பாகும். கவுன்சில் பள்ளி ஆளுநராகப் பணியாற்றும் ஊழியருக்கு நியாயமான அளவு விடுப்பு தர வேண்டும் என்று 1996ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைச் சட்டம் சொல்கிறது. அந்த நேரத்துக்குச் சம்பளம் தர வேண்டும் என்று அது சொல்லவில்லை. வர முடியாவிட்டால் கூட்டத்துக்கு முன்பே குழுவின் கிளார்க்குக்குக் காரணம் எழுதுங்கள். கவுன்சில் பள்ளிகளில் குழுவின் இசைவின்றி ஆறு மாதம் கூட்டங்களுக்கு வராதவர் தகுதி இழப்பார். முதல் கூட்டத்தில் பேசத் தயக்கமாக இருந்தால், ஒரே ஒரு கேள்வியைத் தாளில் எழுதி எடுத்துச் சென்று அதை வாசித்துவிடுங்கள். இரண்டாவது கூட்டத்தில் அந்தத் தாள் தேவைப்படாது.