“அப்புறம் போடலாம்” என்று விட்ட ஊசி

என் மகளின் கிளினிக் கார்டில் ஆறாம் மாதக் கட்டம் மட்டும் மூன்று மாதம் காலியாகவே கிடந்தது. 2020 மார்ச் 26 நள்ளிரவில் தென்னாப்பிரிக்காவில் ஊரடங்கு தொடங்கியபோது அவளுக்கு ஐந்தரை மாதம். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் வீட்டிலிருந்து கிளினிக் நடக்கிற தூரம்தான். ஆனாலும் அங்கே போய்க் கொரோனாவை வாங்கி வந்துவிடுவோமோ என்ற பயத்தில், “அடங்கட்டும், அப்புறம் போடலாம்” என்று இருந்துவிட்டேன். அது தட்டம்மை ஊசி.

கொரோனா காலத்தில் ஊசி விஷயத்தில் பெற்றோர் செய்த தவறுகளில் இதைத்தான் பெரியதாகச் சொல்வேன். கோவிட் ஊசி வேண்டுமா வேண்டாமா என்று எல்லோரும் வாதாடிக்கொண்டிருந்தபோது, வழக்கமான ஊசிகள் சத்தமில்லாமல் விட்டுப்போயின. 2021இல் மட்டும் உலகம் முழுவதும் 2.5 கோடிக் குழந்தைகள் முத்தடுப்பு ஊசியில் (தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னிக்கானது) ஒரு தவணையாவது போடாமல் விட்டார்கள். தட்டம்மை காத்திருக்காது. தடுப்பாற்றல் இல்லாதவர்கள் நடுவே ஒரு குழந்தைக்கு வந்தால் பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேர் வரை தொற்றும். 2022 அக்டோபரில் இந்நாட்டின் லிம்போபோ மாகாணத்தில் அது கிளம்பி, பிறகு மற்ற மாகாணங்களுக்கும் பரவியது.

அடுத்த தவறு, இரண்டு செய்திகளைக் குழப்பிக்கொண்டது. 2021 பிப்ரவரியில் அஸ்ட்ராசெனிகா கோவிட் ஊசியை இங்கே நிறுத்தி வைத்தார்கள். அப்போது பரவிய பீட்டா வகைக் கொரோனாவால் வரும் லேசான நோயை அது சரியாகத் தடுக்கவில்லை என்பதுதான் காரணம். நம் வீடுகளில் அது “ஆபத்தான ஊசியாம், நிறுத்திட்டாங்க” என்று மாறிவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 20 முதல் 12 வயதிலிருந்து 17 வயது வரையுள்ளவர்களுக்கு ஃபைசர் ஊசி, அதுவும் முதலில் ஒரே தவணை என்றதும் சந்தேகம் இன்னும் கூடியது. இரண்டாம் தவணைக்குப் பிறகு சில இளைஞர்களுக்கு, மிக அரிதாக, இதயத் தசையில் அழற்சி வந்தது. அதற்காக எடுத்த முன்னெச்சரிக்கை அது. பயந்தவர்களைத் திட்டியதும் தவறுதான். காரணத்தை யாராவது பொறுமையாகச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் கேட்டிருப்பார்கள்.

பிள்ளையைக் கடைசியில் கேட்பதும் சரியல்ல. 12 வயதுக்கு மேல், விஷயத்தைப் புரிந்துகொள்ளும் பக்குவமும் இருந்தால், பிள்ளை தானே சம்மதம் தரலாம் என்கிறது இந்நாட்டுச் சட்டம். இதைக் கேட்டுக் கோபப்பட்ட பெற்றோர் நிறைய. கோபப்படுவதற்கு முன் பிள்ளையோடு உட்கார்ந்து பேசியிருக்கலாம்.

சாமியையும் ஊசியையும் எதிரெதிரே நிறுத்துபவர்களும் உண்டு. அம்மை கண்டால் என் ஆயா மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு, வாசலில் வேப்பிலைக்குப் பதிலாகச் சிரிங்கா மர இலை கட்டுவார். அதே ஆயாதான் எங்களைக் கையைப் பிடித்து ஊசி போடக் கூட்டிப்போனார். இரண்டுக்கும் சண்டை என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

லேசான சளி, இருமலுக்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். ஊசி விட்டுப்போயிருந்தால் முதலிலிருந்து தொடங்கவும் தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து போடுவார்கள். அரசு கிளினிக்கில் காசும் இல்லை. திட்டு விழுமோ என்ற கூச்சம்தான் பலரைத் தடுக்கிறது. என்னையும் அதுதான் தடுத்தது. ஜூலையில் ஒருவழியாகப் போனேன். சிஸ்டர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊசியைப் போட்டு, காலிக் கட்டத்தில் தேதி எழுதி, அடுத்த கட்டத்தில் பென்சிலால் ‘அக்டோபர்’ என்று குறித்துக் கார்டைத் திருப்பித் தந்தார்.