மாசமாக இருக்கும்போது ஃப்ளூ ஊசி: நம் பக்கம் நடக்கும் தவறுகள்

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது இருமிக்கொண்டிருப்பார்கள். அது ஃப்ளூ காய்ச்சலாக இருந்தால் மற்றவர்களுக்கு நாலு நாள் படுக்கை. மாசமாக இருக்கும் பெண்ணுக்கு அப்படியில்லை. வயிறு மேலேற மேலேற நுரையீரல் விரிய இடம் குறைகிறது, இதயத்துக்கு வேலை கூடுகிறது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் மாறியிருக்கிறது. காய்ச்சல் நிமோனியாவில் போய் நிற்கும் ஆபத்து அவளுக்கு அதிகம். 2009-ல் ஃப்ளூவில் ஒரு வகையான பன்றிக்காய்ச்சல் பரவியபோது உலகமே இதைப் பார்த்தது. 2012-ல் உலக சுகாதார நிறுவனம், ஃப்ளூ தடுப்பூசித் திட்டம் தொடங்கும் நாடுகள் கர்ப்பிணிகளுக்கே முதலிடம் தரவேண்டும் என்றது.

இதைச் சொன்னால் வரும் பதில்: "அதான் நர்சம்மா ரெண்டு ஊசி போட்டுட்டாங்களே!" அது டி.டி. ஊசி, ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் உரியது. ஃப்ளூவைத் தடுக்காது. நம் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் கர்ப்பிணிகளுக்கான ஃப்ளூ ஊசி இல்லை. அதனால் யாராவது கூப்பிட்டுப் போடுவார்கள் என்று காத்திருக்காமல், செக்கப்புக்குப் போகும்போது நாமே வாய்விட்டுக் கேட்க வேண்டும். பெரிய தவறு இந்தக் கேட்காமை என்றே நினைக்கிறேன்.

அடுத்தது காலம். வடநாட்டில் பல ஊர்களில் ஆடி, ஆவணி மழையோடு ஃப்ளூ ஏறும். நமக்கு வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபரிலிருந்து. ஊசி வேலை செய்ய இரண்டு வாரமாகும். சம்பா நடவு நடக்கும் புரட்டாசிக்குள் போட்டுக்கொண்டால் நல்லது. தவறிவிட்டால் மழைக்காலத்திலும் போடலாம். "வளைகாப்பு முடியட்டும்" என்று தள்ள வேண்டாம். செயலிழந்த வைரஸால் ஆன இந்த ஊசியை எந்த மாதத்திலும் போடலாம். மூக்கில் விடும் உயிருள்ள மருந்து மட்டும் கர்ப்பிணிக்குக் கூடாது. வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால், மூத்த பிள்ளையைச் சுமந்தபோது போட்டுக்கொண்ட ஊசி இந்தப் பிள்ளைக்கு ஆகாது.

"பிள்ளைக்கு ஏதாவது ஆகிடுமோ?" என்று மாமியார்கள் பயப்படுகிறார்கள். நியாயமான பயம்தான். ஆனால் ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசியே போட முடியாது. அதற்குப் பாதுகாப்பு தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாகத்தான் போக வேண்டும். நம்மைப் போலவே நெல்லும் ஆறுமாக வாழும் வங்கதேசத்தில் 2004-05-ல் கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசி போட்டுப் பார்த்தார்கள். அவர்களுடைய கைக்குழந்தைகளுக்கு, பரிசோதனையில் உறுதியான ஃப்ளூ 63 சதவீதம் குறைந்திருந்தது. பிறகு நேபாளம், மாலி, தென்னாப்பிரிக்காவிலும் பலன் தெரிந்தது.

மெடிக்கலில் ஊசி மருந்தை வாங்கி, பைக்குள் வைத்து, பஸ்ஸில் ஒரு மணிநேரம் கொண்டுபோவதும் நடக்கிறது. அது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. ஐஸ்கட்டியோடு ஒட்டி உறைந்தாலும் வீண். குளிர்பெட்டி வைத்திருக்கும் மருத்துவமனையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். முன்பு ஏதாவது தடுப்பூசிக்குக் கடும் ஒவ்வாமை வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஊசி போட்டும் காய்ச்சல் வரலாம். அப்போது கஷாயம் குடித்து மூன்று நாள் பார்ப்பது ஆபத்து. ஃப்ளூ வைரஸுக்கு எதிரான ஒசெல்டாமிவிர் மாத்திரையை மருத்துவர் கர்ப்பிணிக்கும் தரலாம். 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். நிலவேம்பையும், கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையையும் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். மூச்சு வாங்கினாலோ குழந்தையின் அசைவு குறைந்தாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். ராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.